றக்பி கேள்வி–பதில்: வில்கின்சனின் காலும் தோளும்

சென்ற இதழில் இங்கிலாந்தின் முன்னாள் ஃப்ளை ஹாஃப் (பின்னால் நின்று ஆட்டத்தை நடத்துபவர்) ஜொனி வில்கின்சனைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளியானது. 10ஆம் இலக்கச் சட்டை, 2003 உலகக் கிண்ணத்தை வென்றுகொடுத்த உதை, அதன்பின் நீண்டுகொண்டே போன காயங்கள் ஆகியவைதான் அதில் இருந்தன. அதைப் படித்தவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதி அவரைப் பற்றியவை. மற்றப் பாதி, அவரைப் பார்த்து உதைக்கப் பழகும் பிள்ளைகளைப் பற்றியவை. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதால் கலந்தே பதில் சொல்கிறோம்.

2003 இறுதிப் போட்டியில் வில்கின்சன் ‘பிழையான காலால்’ உதைத்து வென்றார் என்று அப்பா அடிக்கடி சொல்வார். இடது காற்காரர் வலது காலால் உதைத்தது தற்செயலா?
– மாணவர், பம்பலப்பிட்டி

தற்செயல் இல்லை, தம்பி. வில்கின்சன் இடது காற்காரர்தான். பந்தைத் தரையில் நிறுத்தி உதைப்பதெல்லாம் இடது காலால். ஆனால் பயிற்சியில் வலது காலைச் சும்மா விட்டவர் அல்லர். உதைப்பயிற்சியாளர் டேவ் ஓல்ரெட்டுடன் சேர்ந்து இரண்டு காலையும் வருடக்கணக்கில் பழக்கியவர்.

2003 நவம்பர் 22, சிட்னி. மழை. வழமையான 80 நிமிடம் முடியும்போது 14–14. மேலதிக நேரத்தில் வில்கின்சன் ஒரு பெனல்டி (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் உதை, மூன்று புள்ளி) போட்டார். அவுஸ்திரேலியாவின் எல்டன் ஃப்ளட்லி அதைச் சமப்படுத்தினார். 17–17. இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை. இங்கிலாந்துக்கு ஒரு லைன் அவுட் (பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தை இரு அணி வரிசைகளுக்கு நடுவே எறிவது) கிடைத்தது. ஸ்டீவ் தொம்சன் பந்தை வரிசையின் கடைசிக்கு, லூயிஸ் மூடியிடம், நீளமாக எறிந்தார். கைதவறினால் கிண்ணமே போய்விடும் எறிதல் அது. மைக் கட் பந்தோடு நேராக மோதி நடுவில் இடம்பிடித்தார். மட் டோசன் இடைவெளியைக் கண்டு பல மீற்றர் ஓடி விழுந்தார்.

இந்த இடத்தை நிறுத்திப் பாருங்கள். டோசன்தான் ஸ்க்ரம் ஹாஃப், குவியலிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர். அவரே ஆட்களுக்கு அடியில் கிடக்கிறார். உடனே வேறொருவர் பந்தை எடுத்து வில்கின்சனுக்குக் கொடுத்திருந்தால் பாஸ் கோணலாகப் போயிருக்கலாம். தலைவர் மார்ட்டின் ஜோன்சன் பந்தை எடுத்து இன்னொரு முறை மோதி விழுந்தார். அந்தச் சில செக்கன்கள் டோசன் எழுந்து தன் இடத்துக்கு வரப் போதுமாக இருந்தன. பாஸ் வந்தது. அவுஸ்திரேலியர் பாய்ந்து வந்தார்கள். வில்கின்சன் நின்ற நிலையில் வலது காலுக்குத்தான் இடம் இருந்தது. வலது காலாலேயே ட்ரொப் கோல் போட்டார், அதாவது பந்தைத் தரையில் விட்டு, அது எழும்போது கம்பங்களுக்கு நடுவே உதைத்தார். மிச்சம் 26 செக்கன். 20–17.

அதே போட்டியில் அதற்கு முன் ட்ரொப் கோலுக்கு முயன்று தவறவிட்டவரும் அவர்தான். ஜோன்சனின் அந்த மோதல் இல்லாமல் அந்த உதை இல்லை என்பது எங்கள் அபிப்பிராயம். படத்தைத் திரும்பப் பார்க்கும்போது உதைத்தவரை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய மூன்று மோதல்களைப் பாருங்கள்.

ட்ரொப் கிக் எனக்குக் காய்ந்த மைதானத்தில் சரியாக வருகிறது. மழை பெய்தால் பந்து உருண்டு போகிறது. ஏன்?
– மாணவர், மருதானை

பந்து தரையைத் தொட்டு எழும் அந்தக் கணத்தில் உதைத்தால்தான் அது ட்ரொப் கிக். தரை இளகியிருந்தால் பந்து எழும்பாது. நீங்கள் பழகிய உயரத்துக்குக் கால் போகும்போது பந்து இன்னும் சேற்றிலேயே இருக்கும், அதன் மேற்பாதியில் கால் படும், பந்து உருளும்.

மழை நாளில் மூன்று மாற்றம் செய்யுங்கள். பந்தை விடும் உயரத்தைக் குறையுங்கள். இடுப்பிலிருந்து விடுபவர் தொடை மட்டத்துக்கு இறங்கிவிட வேண்டும். விழும் தூரம் குறையக் குறையப் பந்து கோணலாகும் வாய்ப்பும் குறையும். பந்தின் மேல்முனை உங்களை நோக்கி மிகக் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும். கூர்முனை தரையில் பட வேண்டும், வயிற்றுப்பகுதி படக்கூடாது. மூன்றாவது, காலை ஓங்குவதைச் சுருக்குங்கள். பந்தைத் தூக்கி எறியாதீர்கள், இரண்டு கையாலும் பிடித்துக் கீழே விடுங்கள். நிலைக்கால் (தரையில் ஊன்றி நிற்கும் கால்) வழுக்கினால் எல்லாம் பிழைக்கும். அதனால் சப்பாத்தின் அடி ஆணிகள் தேய்ந்திருந்தால் பருவம் தொடங்க முன்பே மாற்றிவிடுங்கள்.

பழக எளிய வழி: உதைக்காமல், பந்தை மட்டும் ஐம்பது முறை கீழே விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நேராக எழுந்து உங்கள் பக்கமே வர வேண்டும். ஐம்பதில் நாற்பது அப்படி வராதவரை உதைத்துப் பழகுவதில் பயனில்லை.

என் மகனுக்கு 14 வயது. பாடசாலை அணியின் உதைகாரர். தினமும் நூறு பந்து உதைக்கிறான். ‘வில்கின்சன் இருட்டும்வரை உதைப்பார்’ என்கிறான். இப்போது முழங்காலுக்குக் கீழே நோகிறது என்கிறான். நிறுத்தச் சொல்லலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

நிறுத்தத்தான் வேண்டும், அம்மா. எவ்வளவு காலம் என்பது நோ எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முழங்கால் சில்லுக்கு இரண்டு விரல் கீழே, எலும்பில் சிறிய மேடு ஒன்று இருக்கும். அதை அழுத்தும்போது நோகுதா? வளரும் வயதில், தொடைத்தசையின் நார் அந்த மேட்டைத் திரும்பத் திரும்ப இழுப்பதால் வரும் நோ அது. ஓட்டமும் உதையும் குறைந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நோவோடு தொடர்ந்தால் மாதக்கணக்கில் இழுபடும். அரைத்தொடையில், கவட்டுப் பக்கம் நோகிறதென்றால் அது வேறு. அந்தத் தசை ஒருமுறை கிழிந்தால் திரும்பத் திரும்ப வரும். வில்கின்சனுக்கும் கவட்டுத் தசைக் காயம் வந்து பல வாரம் வெளியே இருந்தார்.

இன்னொன்றைக் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உதைக்கும்போது இடுப்பின் முன்பக்கம் ‘டக்’ என்று ஏதோ விட்டது போல இருந்து, அதோடு நடக்க முடியாமல் போனால், தசைப்பிடிப்பு என்று எண்ணெய் பூசிப் படுக்க வைக்காதீர்கள். இந்த வயதில் தசைநாரை விட அது பிடித்திருக்கும் வளர் எலும்பு மென்மையானது. நார் அறாமல் எலும்புத் துண்டையே பிய்த்துக்கொண்டு வரும். அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

நோ முழுதாக நின்ற பின் அளவு இதுதான்: கிழமைக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. பத்து நிமிடம் மெதுவோட்டமும் காலை முன்பின் வீசுவதும். பிறகு கம்பத்துக்கு நேரே 15 மீற்றரில் பாதிப் பலத்தில் பத்து உதை. அதன்பின் முழு உதை இருபது. மொத்தம் முப்பதுக்கு மேல் போக வேண்டாம். கடைசி ஐந்தும் முதல் ஐந்தைப் போலப் போகவில்லை என்றால் கால் களைத்துவிட்டது என்று அர்த்தம். எண்ணிக்கை முடியாவிட்டாலும் பையை மூடுங்கள். களைத்த காலால் உதைத்தால் பிழையான உதை பழக்கமாகும், வேறொன்றும் கிடைக்காது.

வில்கின்சன் நேரம் பார்க்காமல் உதைத்தவர் என்பது உண்மை. அந்தப் பூரணத்துவ ஆசை தன்னை எவ்வளவு வதைத்தது, பதற்றமும் மனச்சோர்வும் எப்படி வந்தன என்று பின்னாளில் அவரே பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மகனுக்கு அதையும் சொல்லுங்கள்.

கம்பத்துக்கு உதைப்பதை அடியிலிருந்து சொல்லித்தர முடியுமா? எங்கள் பாடசாலையில் உதைக்கென்று தனிப் பயிற்சியாளர் இல்லை. நான் வலது காற்காரன்.
– மாணவர், தெஹிவளை

முடியும். இடது காற்காரர் பக்கத்தை மாற்றி வாசிக்க வேண்டும்.

பந்தைக் கிக்கிங் டீயில் (பந்தை நிறுத்தும் சிறு தாங்கி) நிறுத்துங்கள். பந்தின் தையல் கோடு ஒன்று கம்பங்களின் நடுவைப் பார்க்க வேண்டும். மேல்முனை கம்பத்தை நோக்கிச் சற்றே சாயட்டும். காற்றடிக்கும் வால்வ் உங்கள் கால் படும் பக்கம் இருக்கக்கூடாது. அந்த இடம் கடினம், பாரமும் கூட.

பந்துக்குப் பின்னால் நேராக மூன்று நான்கு எட்டு, பிறகு இடப்பக்கம் இரண்டு எட்டு. ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கை. நின்றதும் கம்பத்துக்கு மேலே, கூட்டத்துக்குள் ஒரு சின்னப் புள்ளியைத் தேர்ந்துகொள்ளுங்கள். கம்பங்களுக்கு இடையில் 5.6 மீற்றர், அவ்வளவு அகலத்தைக் குறிபார்த்தால் கால் சோம்பும். வில்கின்சனுக்கு ஓல்ரெட் கொடுத்த குறி, அரங்கில் உட்கார்ந்திருக்கும் டொரிஸ் என்ற கற்பனைப் பெண். கம்பத்தை அல்ல, அவளைக் குறிவைத்தார். உதைக்குமுன் இரு கையையும் முன்னே கோர்த்துக் குனிந்து நிற்பாரே, அது கவனத்தை வெளியிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும் வழி. அந்த நிலையைப் பார்த்துச் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு உதைக்கும் முன் மாறாத ஒரே வரிசை உங்களுக்கென்று இருந்தால் போதும்.

ஓட்டம் மெதுவாகத் தொடங்கி கடைசி எட்டில் நீள வேண்டும். நிலைக்கால் பந்துக்கு நேர் பக்கத்தில், ஒரு சாண் அல்லது சற்றுக் கூடத் தள்ளி, விரல் நுனி கம்பத்தைப் பார்த்தபடி. உதைக்கும் பாதம் நீட்டி விறைப்பாக. படவேண்டியது பெருவிரலுக்கு மேலே, பாதத்தின் மேற்பக்கத்தில் இருக்கும் கடின எலும்பு. பந்தில் படவேண்டிய இடம் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. இடது கை விரிந்து, உதையோடு உடலுக்குக் குறுக்கே வரட்டும். அதுதான் இடுப்பு அளவுக்கு மீறிச் சுழலாமல் பிடிக்கும். பந்து போன பின்னும் உடல் கம்பத்தை நோக்கியே போய், உதைத்த காலில் இறங்க வேண்டும்.

பிழைகளைப் பந்து போகும் திசையே சொல்லிவிடும். இடப்பக்கம் வளைந்து போனால் தலையைச் சீக்கிரம் தூக்கி, தோளைத் திறந்துவிட்டீர்கள். வலப்பக்கம் தள்ளிப் போனால் நிலைக்கால் பந்துக்கு மிக அருகில் விழுந்து, இடுப்பு சுழல இடமில்லாமல் போயிற்று. உயர எழுந்து கிட்டவே விழுந்தால் நிலைக்கால் பந்துக்குப் பின்னால் நின்றுவிட்டது. தாழ்வாகப் பறந்தால் அது பந்தைத் தாண்டிவிட்டது. நண்பர் ஒருவரை பின்னால் நிறுத்திக் கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நிலைக்கால் எங்கே விழுகிறது என்பதை மட்டும் பாருங்கள். பத்தில் எட்டுப் பிழை அங்கேதான் இருக்கும்.

மைதானத்தின் எந்தப் பக்கம் உங்களுக்குக் கடினம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வலது காலால் உதைத்த பந்து இயல்பாகவே வலமிருந்து இடமாகக் கொஞ்சம் வளையும். இடப்பக்க எல்லைக்கோட்டில் இருந்து உதைத்தால் அந்த வளைவு பந்தைக் கம்பத்துக்கு நேராகத் திருப்பிவிடும். வலப்பக்கத்திலிருந்து உதைத்தால் அதே வளைவு பந்தைக் கம்பத்துக்கு மேலும் சாய்வாகக் கொண்டுபோகும், வாசல் ஒடுங்கிவிடும். ஆகவே பயிற்சியில் வலப்பக்க உதை இரண்டு மடங்கு இருக்கட்டும். மே மாதத்துக்குப் பின் கொழும்பில் கடற்காற்று பலக்கும்போது, கம்பத்தின் உச்சியில் கட்டியிருக்கும் கொடியைப் பாருங்கள். தரையில் புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பது போதாது; பந்து பறக்கும் உயரத்தில் காற்று வேறு.

நேரமும் கணக்கில் உண்டு. பெனல்டிக்கும் 60 செக்கன், ட்ரைக்குப் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது) பின் வரும் கொன்வேர்ஷன் உதைக்கும் இப்போது 60 செக்கன்தான். 2024 வரை 90 இருந்தது. கொன்வேர்ஷனில் நீங்கள் ஓடத் தொடங்கியதும் எதிரணி பாய்ந்து வரலாம். பெனல்டியில் வர முடியாது. நண்பர்கள் இருவரை ஓடிவரச் சொல்லியும் பழகுங்கள்.

‘கெப்’ என்றால் என்ன? வில்கின்சனுக்கு 91 என்று ஒரு இடத்திலும் 97 என்று இன்னொரு இடத்திலும் இருக்கிறதே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

நாட்டுக்காக ஆடிய ஒவ்வொரு டெஸ்ட் போட்டியும் ஒரு கெப். இடையில் மாற்று வீரராக இறங்கினாலும் கணக்குத்தான். வில்கின்சனின் முதலாவதும் அப்படித்தான்: 1998 ஏப்ரலில், 18 வயதில், அயர்லாந்துக்கு எதிராக மாற்று வீரராக. இங்கிலாந்துக்கு 91. நான்கு நாட்டு வீரர்கள் சேர்ந்து ஆடும் பிரித்தானிய, ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு 2001இலும் 2005இலும் ஆடிய டெஸ்ட்கள் 6. கூட்டினால் 97.

புள்ளிகளையும் சேர்த்துத் தருகிறோம்: இங்கிலாந்துக்கு 6 ட்ரை, 162 கொன்வேர்ஷன், 239 பெனல்டி, 36 ட்ரொப் கோல். ஐந்து, இரண்டு, மூன்று, மூன்று என்று பெருக்கிப் பாருங்கள், 1179 வரும்.

இவ்வளவு பெரிய வீரர் உலகக் கிண்ணத்தை வென்ற பின் மூன்று வருடத்துக்கு மேல் இங்கிலாந்துக்கு ஆடவே இல்லையே. உதைத்து உதைத்துக் கால் கெட்டுவிட்டதா?
– வாசகர், வத்தளை

இந்தக் கேள்விக்காகவே இம்முறை பக்கத்தைக் கூட்டிக் கேட்டோம். கால் மட்டும் அல்ல, ஐயா. கதை கழுத்திலும் தோளிலும் தொடங்குகிறது.

ஃப்ளை ஹாஃப் என்றால் பின்னால் நின்று உதைத்தும் பாஸ் கொடுத்தும் ஆட்டத்தை நடத்துபவர். மோதும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுவது அந்த இடத்தில் பலருக்கு வழக்கம். வில்கின்சன் அப்படி அல்லர். உயரம் 1.78 மீற்றர்தான், ஆனாலும் தன்னை விடப் பல கிலோகிராம் கூடியவர்களை முன்னால் போய் முழுப் பலத்தோடு தோளால் தாக்கி விழுத்துவார். அரங்கு எழுந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் அந்தத் தாக்கம் கழுத்துக்கும் போனது.

2003 இறுதிப் போட்டிக்குப் பின், கழுத்துக் காயத்தால் தோளுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டு, 2004இன் தொடக்கத்தில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதே வருடம் இங்கிலாந்து அணியின் தலைவராக அறிவித்தார்கள். மேற்கைத் தசையில் இரத்தம் கட்டியதால் களத்தில் இறங்கவே முடியவில்லை. பிறகு முழங்கால் நார். 2005 லயன்ஸ் சுற்றுப்பயணத்தில் திரும்பவும் கழுத்து–தோள் நரம்பு. குடல்வால் அறுவை, கவட்டுத் தசை, மீண்டும் முழங்கால், 2006 நவம்பரில் சிறுநீரகத்தில் கிழிவு. 2007 பெப்ரவரி 3ஆம் திகதி ஸ்கொட்லாந்துக்கு எதிராக அவர் மீண்டும் இங்கிலாந்துச் சட்டையோடு இறங்கியபோது உலகக் கிண்ண இறுதிப் போட்டி முடிந்து 1169 நாள் ஆகியிருந்தது. அன்று 27 புள்ளி போட்டார். அவ்வருடமே இன்னொரு உலகக் கிண்ண இறுதிப் போட்டிக்கும் போனார். தென்னாபிரிக்காவிடம் 15–6 என்று தோற்ற அந்தப் போட்டியில் ஆறும் அவருடையவை.

ஒரு காயத்திலிருந்து மீளும்போது உடல் மற்றப் பக்கத்தில் பாரம் போடும். அங்கே அடுத்தது வரும். அவசரமாகத் திரும்பினால் இன்னும் கூடும். காயங்கள் சங்கிலிபோல வருவதற்குக் காரணம் தலைவிதி அல்ல.

நம் பாடசாலை உதைகாரர்களுக்கு இதில் இரண்டு விடயம் உண்டு. முதலாவது டக்கிள், அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்து விழுத்துவது. தலை எப்போதும் எதிராளியின் உடலுக்குப் பின்பக்கம் அல்லது வெளிப்பக்கம் இருக்க வேண்டும். ஓடி வரும் பாதைக்குக் குறுக்கே தலையை வைக்கவே கூடாது. கண் திறந்திருக்க வேண்டும், நாடி மேலே, முதுகு நேர். தோள் படவேண்டியது இடுப்புக்கும் தொடைக்கும் இடையில். கடைசி எட்டைச் சின்னதாக வைத்து, ஒரு கால் எதிராளிக்குக் கிட்ட ஊன்றிய பிறகே தோளைக் கொடுங்கள். தூரத்தில் இருந்து பாய்ந்தால் தலை கீழே போய்விடும், கழுத்து முதலில் மோதும். கையை இறுக்கிப் பிடித்துக் கால் ஓட்டத்தோடு தள்ளுங்கள். முட்டுக்காலில் நின்று, பிறகு நடந்து, அதன்பின்பே ஓடி என்று படிப்படியாகப் பழக வேண்டும். உதைகாரன் என்பதற்காக டக்கிள் பயிற்சியில் இருந்து விலக்கி வைப்பது அவனுக்குச் செய்யும் தீமை. போட்டியில் எதிரணி அவன் நிற்கும் இடத்தைத்தான் தேடி வரும்.

இரண்டாவது, கை மரத்துப்போவது. மோதிய உடன் தோளிலிருந்து விரல்வரை மின்சாரம் அடித்தது போலச் சுரீர் என்று இழுத்து, கை ஒரு நிமிடம் தூக்க முடியாமல் தொங்கும். ‘ஷொக்’ என்று உதறிவிட்டு ஆடுவார்கள். கழுத்து நரம்பு இழுபட்ட அடையாளம் அது. பலமும் உணர்வும் முழுதாகத் திரும்பி, கழுத்து எல்லாப் பக்கமும் நோவின்றித் திரும்பும்வரை களத்தில் இடமில்லை. இரண்டு கையும் மரத்தால், அல்லது கால் மரத்தால், பிள்ளையை அசைக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

என் மகனுக்குப் போட்டியில் தலையில் அடிபட்டு, ஸ்கோர் என்னவென்று சொல்லத் தெரியாமல் நின்றான். மயங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஆடலாம் என்று பயிற்சியாளர் சொல்கிறார். சம்மதிக்கலாமா?
– ஒரு தந்தை, கல்கிசை

சம்மதிக்காதீர்கள். மயங்காவிட்டாலும் அது மூளை அதிர்ச்சிதான். பெரும்பாலான மூளை அதிர்ச்சிகளில் மயக்கமே வருவதில்லை. ஸ்கோர் தெரியாமல் நின்ற அந்த நிமிடமே அவனை வெளியே எடுத்திருக்க வேண்டும்.

சர்வதேசப் போட்டிகளில் 12 நிமிடம் வெளியே எடுத்து வைத்தியர் பரிசோதிப்பதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அந்த ஏற்பாடு பயிற்சி பெற்ற வைத்தியர் இருக்கும் மேல்மட்டப் போட்டிகளுக்கு மட்டும். பாடசாலை மைதானத்தில் சந்தேகம் வந்தாலே வெளியே, அன்று திரும்ப இறக்கக்கூடாது.

முதல் இரண்டு நாள் ஓய்வு; கைப்பேசித் திரையையும் குறையுங்கள். பிறகு நடை. தலையிடி இல்லாமல் வகுப்பில் முழுநாள் இருக்க முடிந்த பின் மெதுவோட்டம், அதன்பின் பந்துப் பயிற்சி, மோதல் கடைசியில். ஒவ்வொரு படிக்கும் இடையில் ஒரு நாளாவது வேண்டும். தலையிடி திரும்பினால் ஒரு படி கீழே இறங்குங்கள். வைத்தியர் பார்த்துச் சொல்லாமல் மோதல் பயிற்சி வேண்டாம். எல்லாம் சரியாகப் போனாலும் 21 நாளுக்கு முன் போட்டி இல்லை. கூடிக்கொண்டே போகும் தலையிடி, திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமை, வலிப்பு, பேச்சுத் தடுமாற்றம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியசாலை.

முதல் பதிலில் தொம்சன் என்று ஒரு பெயர் வந்தது. 2003 இறுதிப் போட்டியின் அந்தக் கடைசி லைன் அவுட்டில் தவறாமல் பந்தை எறிந்தவர். தனக்கு இளவயது மறதிநோய் என்று 2020 டிசம்பரில், 42 வயதில், அவர் வெளியே சொன்னார். அந்த உலகக் கிண்ணத்தை வென்றது அவருக்கு நினைவில் இல்லை. வருடக்கணக்கில் தலையில் பட்ட அடிகளே காரணம் என்று அவரும் அவரைப் போன்ற முன்னாள் வீரர்களும் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். பயிற்சியாளரிடம் பேசும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள். உலக றக்பிச் சம்மேளனம் மூளை அதிர்ச்சி பற்றி இணையத்தில் இலவசப் பாடம் நடத்துகிறது. பயிற்சியாளர், பெற்றோர், வீரர் யாரும் படித்துச் சான்றிதழ் எடுக்கலாம்.

றக்பியை நம்பி இலங்கையில் வாழ முடியுமா? வில்கின்சன் எத்தனை வயதுவரை ஆடினார்?
– உயர்தர மாணவர், பொரளை

வில்கின்சன் 2009இல் நியூகாசில் கழகத்தை விட்டுப் பிரான்சின் தூலோன் கழகத்துக்குப் போனார். முப்பது வயது, காயம்பட்ட உடம்பு, முடிந்தது என்றார்கள். 2011இல் நாட்டுக்கு ஆடுவதை நிறுத்திக் கழகத்தோடு மட்டும் நின்றார். 2013இலும் 2014இலும் தூலோன் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. 2014 மே 31, பிரெஞ்சு லீக் இறுதிப் போட்டி. தூலோன் எடுத்த 18 புள்ளியில் 15 அவருடையவை. 35ஆவது பிறந்தநாள் கழிந்து ஆறு நாள். அதோடு சப்பாத்தைக் கழற்றினார்.

இங்கே நிலைமை வேறு. கழக ஆட்டத்தில் கிடைப்பதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்தத் திட்டமிடாதீர்கள். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் சேர்பவர்களுக்கு நிரந்தர வேலையும் ஆட்டமும் ஒன்றாகக் கிடைக்கிறது. நிறுவனங்களில் வேலை செய்துகொண்டே கழகத்துக்கு ஆடுபவர்களும் பலர். உயர்தரப் பரீட்சையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆடும் காலத்திலேயே மத்தியஸ்தர், பயிற்றுநர், உடற்தகுதிப் பயிற்சியாளர் என்று ஒன்றுக்குச் சான்றிதழ் எடுத்து வையுங்கள். முழங்கால் எந்த வயதில் விடைகொடுக்கும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நான் 13 வயது மாணவி. வீட்டில் உதைத்துப் பழகப் பந்து வாங்கப்போகிறேன். எந்த அளவு வாங்குவது, காற்று எவ்வளவு அடிப்பது?
– மாணவி, வெள்ளவத்தை

4ஆம் அளவு வாங்குங்கள், தங்கச்சி. பெரியவர்களின் 5ஆம் அளவுப் பந்து 410 முதல் 460 கிராம்வரை இருக்கும். உங்கள் வயதில் அதைத் தூரம் அனுப்ப உடலை எறிந்து உதைக்க வேண்டிவரும், நடை கெட்டுவிடும். 15 வயதளவில் 5க்கு மாறலாம். பளபளவென்று வழுக்கும் பிளாஸ்டிக் பந்து வேண்டாம். மேலே சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சொரசொரப்பு உள்ள றப்பர்ப் பந்து மழையிலும் கையில் நிற்கும்.

காற்று 9.5 முதல் 10 பிஎஸ்ஐ. அளவுமானி இல்லாவிட்டால் இரண்டு பெருவிரலாலும் பந்தின் நடுவை அழுத்துங்கள். கொஞ்சம்தான் உள்ளே போக வேண்டும். காற்றுக் குறைந்த பந்து காலில் ஒட்டி, தூரம் போகாது; நீங்கள் உங்கள் உதையைத்தான் பிழை என்று நினைப்பீர்கள். அடிக்கும் ஊசியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுச் செருகுங்கள், காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். விளையாடி முடிந்ததும் சேற்றைக் கழுவி நிழலில் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் றப்பர் வெடிக்கும்.